கிரேஸின் ஆரஞ்சு ஜாக்கெட்

கல்லூரி மலருக்குக் கிரேஸைப் பற்றி எழுதித் தரும்படி துளசிராமன் சார் கேட்டார். "பரசுராமா, உன் அளவுக்கு அவளைத் தெரிஞ்சவன் இங்க யாரு?" என்றார். உண்மைதான். நாலு வருஷமாக வயிற்றெரிச்சலோடு அவளைக் கவனித்து வருகிறேன்.

கிரேஸுக்கு நாற்பத்தொரு வயது. ஊர் அத்திப்பட்டு. எங்கள் கல்லூரிக்குக் கிழக்கே இருக்கும் இறால் கம்பெனியில் ஒன்பது வருஷம் இறால் உரித்தாள். பிறகு இங்கே பெண்கள் விடுதியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். நான் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

சுற்றிலும் தொழிற்சாலைகள் என்பதால் போன வருஷம் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். ஆபத்து வந்தால் பிள்ளைகளை வெளியேற்ற ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஆரஞ்சு ஜாக்கெட், விசில். எனக்குத்தான் என்று நினைத்து அன்று சட்டையை இஸ்திரி போட்டுப் போனேன். கம்பெனியில் கசிவைப் பார்த்துப் பழகியவள் என்று அவளுக்குக் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

மறுநாளே ஒரு பழைய சிவப்புத் துப்பட்டாவைத் தண்ணீர்த் தொட்டிமேல் கம்பு நட்டுக் கட்டினாள்.

"இன்னாம்மா, துணி காயப் போட்டுக்கினு கீறியா?" என்றேன், எல்லாரும் கேட்கும்படி.

"காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கத்தாண்ணா" என்றாள். கோபப்பட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். சிரித்தாள்.

அடுத்து என் சாவியில் கை வைத்தார்கள். பையன்கள் டீக்கடைக்கு நழுவாமல் இருக்கப் பின்கேட்டை எப்போதும் பூட்டியே வைப்போம். அந்தச் சாவி பதினெட்டு வருஷமாக என் இடுப்பில் கிடக்கிறது. இனி அது மாடிப்படிப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில், கிரேஸின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். அவளிடம் கொடுக்க மனசு வரவில்லை. ஸ்டோர் ரூம் பழைய சாவியைப் பெட்டியில் மாட்டிவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதம் வகுப்புகள் இல்லாத ஒரு புதன்கிழமை, பதினொன்றரை மணிக்குச் சைரன் கேட்டது. இங்கே ஷிப்ட் சைரன் தினமும் பத்துத் தடவை ஊதும், எவனும் தலைநிமிர மாட்டான். நானும் நிமிரவில்லை. நேரம் கெட்ட நேரத்துச் சைரன் என்று கிரேஸுக்கு மட்டும் உறைத்திருக்கிறது. இறால் கம்பெனியின் குளிர்பதன அறையில் அமோனியா கசிந்திருந்தது.

நெடி ஏறியதும், பாதுகாப்புக் குழு மாட்டிய அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தபடி மேற்கு மைதானத்துக்கு ஓடினேன். கடற்காற்று மொத்த நெடியையும் அங்கேதான் கொண்டுவந்து கொட்டியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால், தொட்டிமேல் துப்பட்டா நேராக என் பக்கம் பறக்கிறது. தூரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட், பின்னால் விடுதியின் அறுபத்து நாலு பெண்பிள்ளைகள், தெற்கே பின்கேட்டை நோக்கிப் போகிறார்கள்.

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சாவி சுட்டது.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, அவள் தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கி, பெட்டிச் சாவிக்குத் திறக்காத பூட்டின்மேல் மூன்றாவது அடி போட்டாள். பூட்டு தெறித்துப் புதருக்குள் விழுந்தது. பிள்ளைகள் எதையும் பார்க்காமல், கண்ணைக் கசக்கி இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். ஒருத்திக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் ஒருநாள் ஆக்சிஜன் வைத்தார்கள்.

விசாரணையில், பின்கேட் எப்படித் திறந்தது என்று கல்லூரி முதல்வர் கிரேஸிடம் கேட்டார். என் வேலை அவள் வாயில் இருந்தது. "பரசுராமன் அண்ணா சாவியோட ஓடியாந்து தொறந்தாரு சார்" என்றாள். எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாள் என் மனைவி.

விசாரணை நடந்த அன்று சாயந்திரம் கிரேஸ் லேபுக்கு வந்தாள். மேஜைமேல் ஒரு சாவியை வைத்தாள்.

"உங்க ஸ்டோர் ரூம் சாவிண்ணா. தேடுவீங்களேன்னு எடுத்தாந்தேன்."

போய்விட்டாள். நான் ஆசைப்பட்டுக் கிடைக்காத பெயரை அவளே எனக்குத் தானமாகப் போட்டுவிட்டாள். ஜாக்கெட்டைக் கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை. அதனால்தான், துளசிராமன் சார், நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன். அப்படியே அச்சடியுங்கள். பூட்டை உடைத்தவள் அவள்.