காரணம் சொல்லிக்கொண்டிருந்த நேரம்

மகனை அதட்டாமல் வளர்ப்பது என்று அவன் பிறந்தபோதே முடிவு செய்தேன். அப்போது விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நானே சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் ஒரே விதிதான்: காரணம் சொல்லாமல் யாரும் அவனை எதுவும் செய்யச் சொல்லக் கூடாது. அவனைக் குளிக்க அனுப்பவே என் மனைவிக்குக் கால் மணி நேரம் ஆகும்.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த என் அண்ணன், "ஏலே, ஒம் மகன் சோத்துல கை வைக்கவும் விளக்கம் கேப்பானோ?" என்று சிரிப்பார்.

வாணத்தில் பச்சை நிறம் எப்படி வருகிறது என்று ஒருநாள் மகன் கேட்டான். அப்போது அவனுக்குப் பத்து வயது. நேரில் காட்டுவதுதான் படிப்பு என்று அண்ணனிடம் போய் நின்றேன்.

"சின்னப் பிள்ளைகள உள்ள விடக் கூடாதுலே."

வேலையில்லாத ஞாயிறுதானே என்று வாதாடி ஜெயித்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். மகன் ஏன் என்றான். செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வரச் சொன்னார். அதற்கும் ஏன் என்றான். உடம்பில் உள்ள மின்சாரம் தரைக்குப் போய்விடும் என்று விளக்கினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளி மேடையில் முந்தின நாள் கலந்த பட்டாசு மருந்து காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று தூறல் விழுந்தது. அந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். மேடையிலிருந்து புகை கிளம்பியதை அண்ணன்தான் முதலில் பார்த்தார்.

"ஓடுங்கலே!"

மகன் நகரவில்லை. என்னைப் பார்த்து, "ஏன்ப்பா?" என்றான்.

கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். நான் குனிந்து, "மருந்துல தண்ணி பட்டா..." என்று ஆரம்பித்தேன். பழக்கம் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அண்ணன் முன்னால் என் முறை தோற்றுவிடக் கூடாது என்ற நினைப்பும் இருந்தது.

அண்ணன் பாய்ந்து வந்து அவனை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். வெடித்தபோது நான் அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

மகனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணனுக்கு முதுகு முழுக்க வெந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தவரின் அருகே போய், "நான் ஏன்னு கேட்டதுனாலதான பெரியப்பா?" என்றான் மகன்.

அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பதில் நான் சொல்லியிருக்க வேண்டும். தப்பு உன்னுடையதல்ல, என்னுடையது என்று ஒரு வார்த்தை போதும். வார்டில் உறவுக்காரர்கள் நின்றிருந்தார்கள். பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த ஜூனில் அவன் பள்ளிக்குப் போனான். போகச் சொன்னதும் போனான்.

இப்போது அவன் சென்னையில் இருக்கிறான். போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாக அவனுக்குப் போன் செய்தேன்.

"சரிப்பா" என்றான்.

ஏன் என்று கேட்பானோ என்று போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.