சாக்கடைக்கு வைத்த வெண்டைக்காய்த் தண்ணீர்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் பின்பக்கம் போர்வையும் துண்டும் துவைப்பது சொக்கம்மாளின் வேலை. இலத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். எந்தக் கறையையும் மோந்து பார்த்தே இன்னதென்று சொல்லுவாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன சீசனில், தென்காசியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஆஷிகா வந்து, வாஷிங் மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தாள்.

"அக்கா, இதெல்லாம் பாலியஸ்டர் போர்வை. துவைக்கத் துவைக்கப் பிளாஸ்டிக் இழை பொடிப்பொடியாக் கழண்டு, சாக்கடை வழியா ஆத்துக்குப் போயிருது. இந்தத் தண்ணியைத் தொட்டியில பிடிச்சு, வெண்டைக்காய்க் கொழகொழப்பை ஊத்திக் கலக்குனா, அதுல ஒட்டிக்கிட்டு அடியில தங்கிரும்."

"குழம்புல போடுதத சாக்கடையில ஊத்தச் சொல்லுதியே தாயி!" என்றாலும் சொக்கம்மாள் ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்று கிலோ வெண்டைக்காயை நறுக்கி ஊறவைத்தாள். மறுநாள் காலை அதைப் பிழிந்து வடிகட்டி, கேனில் ஊற்றி, கதவோரம் வைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனாள்.

லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கிதுரைக்கு அன்று நல்ல கூட்டம். எண்ணெய் தீர்ந்துபோனது. பின்பக்கம் வந்தவன் கேனைத் திறந்து, வழுவழுப்பைத் தொட்டுப் பார்த்தான். முதலாளி வாங்கி வைத்த மூலிகை என்று நினைத்துத் தூக்கிப்போய், மதுரையிலிருந்து வந்த பேங்க் மேனேஜர் ஒருவர் தலையில் தேய்த்துவிட்டான்.

"என்ன மூலிகைப்பா இது?"

"மலையில இருந்து வருது சார். பேரு சொல்லக் கூடாது."

அருவியில் குளித்துவிட்டு வந்தவரின் முடி பட்டுப்போல் இருந்தது. அவர் மனைவியையும் மச்சினியையும் கூட்டிவந்தார். சொக்கம்மாள் கீழே இறங்கியபோது ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

"ஏலே இசக்கி! சாக்கடைக்கு வச்சிருந்ததை யாரு தலையிலலே தேய்க்க?"

மேனேஜரின் கை மெல்லத் தலைக்குப் போனது.

"பயப்படாதீங்க சார், வெறும் வெண்டைக்காதான்" என்றாள் சொக்கம்மாள் பதறிப்போய்.

அவர் மனைவி கேனை எட்டிப் பார்த்து, "மிச்சம் இருக்கா?" என்றார்.

கேன் காலியானதால் அன்று மாலை இசக்கிதுரையே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கி ஊறவைத்தான். திங்கட்கிழமை ஆஷிகா அளந்து ஊற்ற, சொக்கம்மாள் தொட்டியைக் கலக்கினாள். ஒரு மணி நேரத்தில் மேல்தண்ணீர் தெளிந்தது. அடியில் ரோஸ் நிறத்தில் பஞ்சுபோல் ஏதோ திரண்டிருந்தது. புதுப் போர்வைகளின் நிறம். சொக்கம்மாள் அதை விரலில் எடுத்து மோந்து பார்த்தாள்.

"இம்புட்டும் நேத்து வரைக்கும் சிற்றாத்துக்குல்லா போயிருக்கு" என்றாள். பிறகு எல்லாவற்றையும் டப்பாவில் வழித்துப் போட்டு இறுக மூடினாள். "சரி தாயி, இதை எங்கன கொட்டணும்?"

ஆஷிகா தலையைச் சொறிந்தாள். "அதைத்தான்க்கா இனிமே ஆராயணும்."