வாயை மூடச் சொல்லித்தரும் வகுப்பு

வக்கீலுக்குப் படிக்க வருகிறவர்கள் பேசவே பிறந்தவர்கள்; அவர்களுக்கு வாயை மூடக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. புதுச்சேரியில் ஒரு சட்டக் கல்லூரியில் சமரசப் பாடம் நடத்துகிறேன். கோர்ட்டுக்குப் போகாமல், நடுவில் ஒருவரை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழிதான் பாடம். வீட்டில் இரண்டு பேர் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டு விழித்த எவருக்கும் என் கஷ்டம் புரியும்.

அவசரத் தீர்ப்பு

முதல் ஒத்திகைக்குப் பக்கத்து வீட்டு முருங்கை மரச் சண்டையைக் கொடுத்தேன். கிளை சுவர் தாண்டிவிட்டது, கம்பளிப்பூச்சி கொட்டுகிறது, அவ்வளவுதான். சமரசராக உட்கார்ந்தவன் சாரம் பகுதியிலிருந்து வரும் திலீபன். தங்கமான பையன், வாய்தான் நிற்காது. சமரசர் தீர்ப்பு சொல்லக் கூடாது, இருவரும் தாங்களாக முடிவுக்கு வர உதவினால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

மரத்துக்காரியாக நடித்தவள் வாயைத் திறப்பதற்குள் கிளையை வெட்டச் சொல்லி மேசையைத் தட்டிவிட்டான். ஏனப்பா என்றேன்.

"தீர்ப்பு சொல்லலன்னா கேஸ் எப்படி மேடம் முடியும்?"

நல்ல சேதி

அடுத்தது தனிச் சந்திப்பு. ஒருவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மற்றவரிடம் மனம்விட்டுப் பேசுவது. அங்கே கேட்டதை அவர் சம்மதமில்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மரத்துக்காரி ரகசியமாக, "ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா மரத்தையே வெட்டிடுவேன்" என்றாள். திலீபன் கதவைத் திறந்துகொண்டு ஓடி, வராந்தாவில் இருந்த எதிராளியிடம் அதை அப்படியே ஒப்பித்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்பீஸ் உடைந்தது.

"நல்ல சேதியத்தான மேடம் சொன்னேன்?"

வீட்டுப்பாடம்

சில வாரங்களில் திலீபன் வாடிப்போய் வந்தான். அக்காவுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும்; ஆனால் முதலியார்பேட்டை மாமாவோடு அப்பாவுக்குப் பேச்சில்லை. புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் மாமா பெயர் விட்டுப்போனதிலிருந்து இப்படி. தன் தம்பி இல்லாமல் மேடையில் நிற்க மாட்டேன் என்று அம்மா அழுதுகொண்டிருக்கிறார்.

இருவரையும் தனித்தனியே பார்க்கச் சொன்னேன். போனான். அப்பா, "தட்டு எடுத்துட்டுப் போறதுக்கு நான் ரெடி. அவன்கிட்ட சொல்லிடாத" என்றாராம். மாமா, "வந்து ஒரு வார்த்த கூப்ட்டா ஓடி வந்துடுவேன். உங்கப்பாகிட்ட சொல்லிடாத" என்றாராம். எதைச் சொல்லலாம் என்று அவர்களிடமே கேள் என்றேன். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க, ஆனா ரெண்டு பேருகிட்டயும் சொல்லக் கூடாது. இது என்னா பாடம் மேடம்?"

ஞாயிற்றுக்கிழமை

மறுபடி போனான். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் இருப்பாரா என்று மட்டும் விசாரிக்க அப்பா அனுமதித்தார். விசாரித்தான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாராம்:

"எங்கயும் போகலன்னு சொல்லு. உங்கப்பா காப்பியில சக்கர போட்டுக்கறாரா, விட்டுட்டாரா?"

பந்தி

ரெட்டியார்பாளையத்துக் கல்யாண மண்டபத்துக்கு நானும் போயிருந்தேன். மேடையில் அம்மா, பக்கத்தில் அவர் தம்பி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தியில் மாமாவே வந்து வடை வைத்தார். திலீபனின் டீச்சர் என்றதும் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவங்கப்பாவா மனசு மாறி வந்து கூப்ட்டாரு, நானா பெரிய மனசு பண்ணி வந்தேன். இந்தப் பையன் போகவர இருந்தானே தவிர, எங்களுக்காக ஒரு வார்த்த பேசல. இவன் எப்படிங்க வக்கீலாவான்?"

சமரசத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கு ஊர் தரும் சான்றிதழ் இதுதான் என்று அடுத்த வருடமாவது முதல் வகுப்பிலேயே எச்சரித்துவிடப் போகிறேன்.