நசுங்கிய டின்களின் முதலாளி

மளிகைக் கடைக்குள் நுழைந்ததும் அவள் கூடையை எடுப்பதில்லை. நேரே அலமாரிக்குப் போகிறாள். பின்வரிசையில் முடங்கிக் கிடக்கும் பட்டாணி டின்களை முன்னுக்கு இழுத்து, லேபிள் தெரியும்படி திருப்பி வைக்கிறாள். வேறு கம்பெனியின் மக்காச்சோளம் குறுக்கே நின்றால் அது எப்படியோ இரண்டு சாண் நகர்ந்துவிடும். கடைசியில் நசுங்கிய டின்களைப் பொறுக்கிக் கல்லாவுக்குக் கொண்டுவருகிறாள். காசு கொடுத்து வாங்குவது அவற்றை மட்டும்தான்.

"அடிபட்டதெல்லாம் நாலு பேர் கண்ணுல படக்கூடாது. நம்ம கம்பெனி மானம் போயிடும்."

பழமும் காய்கறியும் டின்னில் அடைக்கும் அந்தப் பெரிய கம்பெனியில், காய்களைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் ஓரம் நின்று சொத்தைப் பீன்ஸைப் பொறுக்குவது அவள் வேலை. ஓர் ஆண்டுவிழாவில் தொழிலாளிகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை உடனே விற்றுச் செருப்போ குக்கரோ வாங்கிக்கொண்டார்கள். இவள் பங்குப் பத்திரத்துக்குப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினாள். அன்றிலிருந்து 'முதலாளியம்மா'. கிண்டலாக வைத்த பெயர்தான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல முதலாளி என்று சொல்லிவிட முடியாது. இடைவேளை கொஞ்சம் நீண்டால், "என் காசுல எத்தனை டீ குடிப்பீங்க?" என்று கூட வேலை செய்பவர்களை விரட்டுவாள். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது காலையில் வாசலில் கோஷம் போட்டாள். மாலையில் வீட்டில் உட்கார்ந்து கம்பெனி நஷ்டத்தை நினைத்துக் கவலைப்பட்டாள். இரண்டு தரப்பும் ஒரே ஆளுக்குள் இருந்தும் பேச்சுவார்த்தை முறிந்துதான் போனது.

பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவாள். எல்லா வருஷமும் ஒரே கேள்வி: "லேபிள்ல பட்டாணி பச்சைப்பசேல்னு இருக்கு. உள்ள இருக்கிறது மட்டும் ஏன் காய்ச்சல்ல கிடந்த மாதிரி இருக்கு?" தலைவர், "ஆவன செய்யப்படும்" என்பார். திருப்தியாக உட்கார்ந்துவிடுவாள்.

இதில் அதிகம் அடிபட்டவர் பஸ் ஓட்டும் கணவர். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து நம்ம வீட்டுல ஒரு ஒழுங்கான டின்னை நான் பாத்ததில்லை" என்பார்.

சமீபத்தில் அந்தக் கம்பெனியை அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. எல்லாப் பங்கும் கைமாறியது, ஒன்றைத் தவிர. டை கட்டிய அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார்.

"உங்களோடது ஒண்ணுதாம்மா பாக்கி. சட்டப்படி நாங்களே எடுத்துக்கலாம். நீங்களா குடுத்தா மரியாதை."

"யாருக்கு?"

அதிகாரி தண்ணீர் குடித்தார்.

"பட்டாணிய வாயில போட்டுப் பாத்துட்டுத்தானே கம்பெனிய வாங்குறீங்க?"

"இல்லம்மா, வரவு செலவு பாத்துத்தான்..."

"அத வேக வச்சுத் திங்க முடியுமா? சரி, அந்த லேபிள் பச்சைய என்ன பண்றதா உத்தேசம்?"

"ஆவன செய்யறோம்மா."

உள்ளே கணவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது. அவள் அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதலாளிப் பேச்சு நல்லாவே வந்துடுச்சு. இனி நான் எதுக்கு?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிரேமை மட்டும் கொடுக்கவில்லை. அது காலியாகச் சுவரில் தொங்குகிறது.

மறுநாள் கணவரோடு கடைக்கு வந்தவள் அலமாரிப் பக்கமே போகவில்லை. விஷயம் தெரியாத கடைக்காரர், பக்கவாட்டில் ஒடுங்கிய ஒரு பட்டாணி டின்னை எடுத்து நீட்டினார்.

"முதலாளியம்மா, உங்களுக்குன்னே வச்சிருக்கேன். இறக்கும்போது கீழ போட்டுட்டாங்க."

"அது எனக்கெதுக்கு? நல்லதா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் விழித்தார். ஒடுங்கியதை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு நல்லதை எடுத்துத் தந்தார். கணவர் அதைக் கோப்பை வென்றவர்போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தெருமுனை வரை வந்துவிட்டார்கள். "ஏங்க, குடைய விட்டுட்டேன். நீங்க நடங்க" என்று அவள் திரும்பினாள்.

குடை அவள் கக்கத்தில்தான் இருந்தது. கடைக்காரர் முதுகைக் காட்டிச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். அவள் அலமாரிக்குப் போய், அந்த டின்னின் ஒடுக்கு சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பி வைத்தாள்.