கூட்டுறவு அதிகாரியும் அப்பாவின் வெங்காயமும்

லண்டன் டூட்டிங்கில் உள்ள எங்கள் கடையில் சின்ன வெங்காயத்தை நசுக்கிப் பார்க்காமல் வாங்காத ஒருவர் இருக்கிறார். இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்து அழுத்துவார், முகர்வார், திரும்பப் போடுவார். இரண்டாயிரமாம் ஆண்டு தொடங்கிய கையோடு லண்டனுக்கு மகனிடம் வந்து சேர்ந்தவர். முதல்நாள் கடைக்குள் நுழைந்தபோது முகத்தை அல்ல, அந்த விரல்களைத்தான் அடையாளம் கண்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்கு அவர்தான் கூட்டுறவு அதிகாரி. அப்பாவின் மூட்டையை அவிழ்த்து இப்படித்தான் தரம் பிரிப்பார். நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன?

அப்போது, எழுபதுகளில், இலங்கையில் சோசலிச ஆட்சி. வெளிநாட்டு வெங்காயத்துக்குத் தடை. தோட்டம் தோட்டமாக வந்து “வெங்காயம் நடுங்கோ, வெங்காயம் நடுங்கோ” என்று சொன்னவர் இவர். அம்மாவின் நகைகளை அப்பா அடகு வைத்துக் குத்தகைக்கு நிலம் எடுத்தார். விளைந்ததைக் கொழும்புக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும். லொறியில் ஏற்றிய மூட்டைகளை அதிகாரி நடுத்தெருவில் இறக்குவித்தார். “சந்தை எண்டால் கள்ளர் கூட்டம். சங்கத்துக்குத்தான் குடுக்க வேணும்” என்றார். சங்கம் கொடுத்தது கூலிக்கே காணவில்லை. அப்பா “ஓம் ஐயா” என்றார். வேறென்ன சொல்வது?

பிறகு ஆட்சி மாறியது. ‘ஜனநாயக சோசலிசக் குடியரசு’ என்று சோசலிசம் நாட்டின் பெயரில் பத்திரமாக இருக்க, கப்பல் கப்பலாக வெங்காயம் வந்து இறங்கியது. அந்தப் போகம் எங்கள் வெங்காயத்தைச் சீண்ட ஆளில்லை. கொட்டிலில் அடுக்கியது அடுக்கியபடி அழுகியது. அப்பா சங்கத்துக்கு ஓடினார். அதே மேசை, அதே கதிரை, அதே அதிகாரி. “நாங்கள் தலையிட ஏலாது. சந்தைதான் தீர்மானிக்கும்.”

சந்தையைத் தேடிப் போனபோது அப்பா கள்ளன். சந்தையில் தோற்றபோது முட்டாள். கொள்கை மாறலாம், எந்த நாட்டில்தான் மாறவில்லை? நேற்றுச் சொன்னதற்கு இன்று ஒரு சொல் வருத்தம் வேண்டாமா? நகைகள் ஏலத்தில் போயின. அப்பா அதன்பிறகு மண்வெட்டியைத் தொடவில்லை. இவருக்கோ சம்பளம் ஒரு மாதமும் தவறவில்லை.

போன சனிக்கிழமையும் வந்தார். நசுக்கினார், முகர்ந்தார், விலையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“கொள்ளை விலை, பிள்ளை. உங்களைக் கேக்க ஆளில்லையோ? கவுன்சில் இதுக்கொரு கட்டுப்பாடு போட வேணும்.”

“சந்தைதான் தீர்மானிக்கும், ஐயா” என்றேன். இந்த ஒரு வசனத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எத்தனை வருடம் காத்திருந்தேன்!

“ஓம், ஓம். அதுவும் சரிதான்” என்று அவர் தலையாட்டினார். நசுங்கியவற்றை என் கூடையிலேயே போட்டுவிட்டு, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போனார். அவருடையது என்று ஒரு வெங்காயமும் ஒருநாளும் அழுகியதில்லை.