பாத்தி உப்பா, வீட்டு உப்பா?

கோபன்ஹேகனில் தெருவெல்லாம் உப்பு சிந்திக் கிடந்தது. பனி உறைந்து ஆட்கள் வழுக்கி விழக்கூடாதென்று வண்டி வைத்துத் தூவுகிறார்கள். நாங்கள் ஒன்பது வருடமாக இருக்கும் ஹாம்பர்க்கில், எங்கள் தெருவுக்குப் பொடிக்கல்தான். மரக்காணத்து உப்பளத்தில் வளர்ந்த எனக்கு, யாரோ சாப்பாட்டைத் தெருவில் கொட்டியதுபோல் இருந்தது. எங்கள் பக்கம் இதற்கொரு கணக்கு உண்டு. பாத்தியில் நாள் முழுக்க வெறுங்காலால் உப்பை மிதிக்கலாம், அது வேலை. அதே உப்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் லட்சுமி. ஒரு கல்லில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். டென்மார்க் உப்பு எந்த வகை என்று என் கால்களுக்கு விளங்கவில்லை. உப்பில்லாத இடமாக, அதாவது சுத்தமான பனிக்கட்டியாகப் பார்த்துப் பார்த்து மிதித்தன. இரண்டு முறை தெருவிலேயே உட்கார்ந்தேன். எதிரே அரண்மனை இருந்ததாம்.

"ஊர் சுத்திப் பாக்க வந்தமா, பாண்டி ஆட வந்தமாங்க?" என்று கேட்டுவிட்டு என் மனைவி வசந்தா விறுவிறுவென்று நடந்து, மெட்ரோ ரயிலில் ஏறியும்விட்டாள். நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அவள் கைப்பை என் தோளில். டிக்கெட், பணம், இரண்டு பேருடைய செல்போன், எல்லாம் அதில். அவளுக்குத் தமிழை விட்டால் நான்கு ஜெர்மன் சொற்கள் தெரியும், நான்கும் காய்கறி. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் படித்த படிப்பு கைகொடுத்தது. கண்ணாடியைப் படபடவென்று தட்டி, "ஹோல்டான்! ஹோல்டான்! லேடீஸ் எறங்கணும்!" என்று கத்தினேன். கதவு திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் ஆங்கிலத்தில், "டிரைவர் இல்லை" என்றார். டீ குடிக்கப் போயிருப்பார் போல என்று நினைத்து, "எப்போது வருவார்?" என்றேன். "வரமாட்டார். இந்த ரயிலுக்கு டிரைவரே கிடையாது." ரயில் கிளம்பிப் போய்விட்டது.

சுனாமியில் கடல் எங்கள் ஊருக்குள் வந்த அன்றும் இப்படித்தான் ஹாம்பர்க் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சாயங்காலம் அண்ணன் லைனில் கிடைத்ததும், பதற்றத்தில் "பாத்தி இன்னா ஆச்சி?" என்று கேட்டேன். "டேய், நாங்க இருக்கறமான்னு கேளுடா மொதல்ல!" என்றார். அது போன வருடத்துக்கு முந்தின டிசம்பர். பயம் வந்தால் எனக்கு மூளை காலுக்கு இறங்கிவிடும். இப்போதும் அடுத்த ரயிலில் தாவி ஏறி, நிலையம் நிலையமாக இறங்கித் தேடி, அவள் எங்கும் இல்லாமல், வேர்த்து விறுவிறுத்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினேன்.

அங்கே பெஞ்சில் அந்த அம்மாளோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள் வசந்தா.

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி அப்பவே வந்துட்டேன். நீங்க எங்க போனீங்க?"

"உங்கள் மனைவி கேரட்டைப் பற்றி நிறையச் சொன்னார்" என்றார் அம்மாள்.

மேலே வந்தால் மறுபடி உப்பு. என் கால் தயங்கியது. வசந்தா கையைப் பிடித்து இழுத்தாள். "இது இன்னா நம்ம வூடாங்க? இந்தச் சீமையே நமக்கு வேலைக்கு வந்த எடம். பாத்தின்னு நெனச்சி மிதிங்க." மிதித்தேன். வழுக்கவில்லை. மிச்ச இரண்டு நாளும் நிமிர்ந்து நடந்தேன். அரண்மனை நிஜமாகவே இருந்தது.

ஹாம்பர்க் திரும்பினோம். பொடிக்கல் தீர்ந்துவிட்டதாம், பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசல்வரை உப்பைத் தூவி வைத்திருந்தார். சாவியோடு முன்னால் போன வசந்தா படியருகே நின்றுவிட்டாள்.

"மிதி. வேலைக்கு வந்த எடந்தான?" என்றேன்.

"இருங்க" என்றாள்.

பூட்டிய கதவுக்கு முன்னால் ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றோம்.