பெய்ரூட்டுக்குப் போன கோப்பிக் காசு

சாண்ட்விச் பக்டரியில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் லெபனான்காரி. என்னை "உக்தி" என்பாள். அவர்கள் பாஷையில் சகோதரி. மற்றதெல்லாம் உடைந்த இங்கிலீஷில்தான் கதைப்போம். அவளுடைய தாய்க்குப் பெய்ரூட்டில் கண் ஒப்பரேஷன். காசு இவள் கையில் இருக்கிறது. ஆனால் அங்கத்தைய பாங்கில் போட்டால் எடுக்க ஏலாது. சனத்தின் சேமிப்பையே பூட்டி வைத்த பாங்குகள். கிரிப்டோ என்கிற இணையக் காசாக அனுப்பு, சந்தியில் காசு மாற்றுகிற ஆள் டொலராகத் தருவார் என்றானாம் அங்கே இருக்கிற அவள் தம்பி.

அவள் பள்ளிவாசலில் கேட்டாள். சூதாடத்தான் கூடாது, தாய்க்கு அனுப்பலாம் என்றார்களாம். புருஷன், "காத்தைக் காசு குடுத்து வாங்கப் போறியோ?" என்றானாம். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"உக்தி, நீங்கள் இலங்கைச் சண்டைக்குள்ளையும் வீட்டுக்குக் காசு அனுப்பின ஆக்கள். இதை நம்பலாமோ?"

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அடுப்பை நிப்பாட்டினேனோ என்று பஸ்ஸால் இறங்கித் திரும்பி ஓடுகிறவள். என்னிடமா கேட்பது? ஆனால் உண்டியலில் காசு அனுப்பத் தெரியும். இங்கே லண்டனில் ஈஸ்ட் ஹாம் கடையில் காசைக் கொடுத்தால், ஊரில் ஒரு ஆள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ரசீதுத் துண்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. "கிடைச்சுது பிள்ளை" என்று அம்மா போனில் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்காது.

"முதல் ஒரு கோப்பிக்கு மட்டும் அனுப்பு," என்றேன். "அம்மான்ரை குரலைக் கேட்ட பிறகு மிச்சம்."

மத்தியான பிரேக்கில் இருந்தோம். தம்பி அனுப்பின கிரிப்டோ முகவரி, எழுத்தும் இலக்கமுமாக முழ நீளம். கொப்பி பண்ணி ஒட்ட எனக்குப் பயம். உண்டியலுக்கு விலாசம் சொல்கிற மாதிரி எழுத்தெழுத்தாக வாசித்தேன், அவள் தட்டினாள். முகவரி பிழை என்று போன் ஏற்க மறுத்தது. காசு போச்சு என்று நான் பதறினேன். அவளோ சிரித்தாள்.

"பாரன், காசு போக முன்னமே சொல்லுது!"

பிறகு கொப்பி பண்ணியே அனுப்பினாள். அன்று பின்னேரம் முழுக்க ஒரே சாண்ட்விச் பாணுக்கு இரண்டு தரம் வெள்ளரிக்காய் வைத்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்குப் போன் வந்தது. தாய்தான். கதைத்துக்கொண்டே அழுதாள்.

"என்னவாம்?"

"அந்தக் காசிலை கோப்பி வாங்கிக் குடிச்சிட்டாவாம். சீனி காணாதாம்."

அடுத்த நாள் மிச்சத்தையும் அனுப்பினாள். ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கண் கட்டு அவிழ்த்ததும், கோப்பிக் காசு மட்டும் அனுப்பச் சொன்ன அந்தப் பயந்தாங்கொள்ளியை வீடியோவில் காட்டு என்கிறாவாம் தாய்.

இப்போது எனக்கு வேறு கவலை. அன்றைக்கு எந்தச் சட்டை போடுகிறது?